கொழுந்துக் கூடையோடு சிவனொளிபாத மலைக்கு

போனவர்கள் ஐந்து பேர். நான், அக்கரப்பத்தனை கடைவீதியில் சில்லறைக் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர், அவருடைய தங்கை அங்கம்மா, தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் வேலை செய்யும் அங்கம்மாவின் வீட்டுக்காரர் வேலு, எங்கள் கடைக்கு அடுத்த வீட்டுச் சோமாவதி. சோமாவதி சிங்களப் பெண். பேக்கரி நடத்துகிறார். இந்த மலைக்கு இதற்கு முன் ஆறு தடவை ஏறியவர். மற்ற நால்வருக்கும் இதுதான் முதல் தடவை.

1957ஆம் ஆண்டு பங்குனியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் புறப்பட்டுத் திங்கட்கிழமை காலை வீடு திரும்பினோம். வெள்ளிக்கிழமை பஜனைக்கு வருகிற லிந்துலை, டயகமச் சகோதரிகள் எல்லாரும் எப்படிப் போனீர்கள், எவ்வளவு செலவானது, பொம்பளைகள் ஏற முடியுமா என்று கேட்டபடி இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. கடைக்குச் சாமான் சுற்றிவந்த தாள்களை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் இந்த அளவுக்கு வந்தேன். பிழை இருந்தால் திருத்தி வாசித்து, அடுத்தவருக்குக் கொடுங்கள்.

போன காரணம் அங்கம்மாவின் கை. புரட்டாசி மழையில் தேயிலை மலையில் கொழுந்து எடுக்கும்போது தண்ணீர்க் கானில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். தை மாதமே எலும்பு கூடிவிட்டது, இனிப் பயமில்லை, கையை அசைக்க வேண்டும் என்று டாக்டர் ஐயா சொல்லிவிட்டார். ஆனால் அவள் அசைக்கவில்லை. முந்தானைக்குள் அந்தக் கையைச் சுருட்டி வைத்துக்கொண்டு, சோறு அள்ளுவது தவிர மற்ற எல்லாவற்றையும் இடது கையாலேயே செய்தாள். பிள்ளைக் காம்பராவில் தொட்டில் ஆட்டுகிற இலேசான வேலையைக் கொடுத்திருந்தார்கள். மாசிக் கடைசியில் கங்காணி வந்து, சித்திரை பிறந்ததும் கொழுந்துக்கு வராவிட்டால் செக்ரோலில், அதாவது வேலைப் பதிவில், பேரை வெட்டிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பதினாலு வயதில் கூடை மாட்டியவள் அங்கம்மா. பேர் போய்விட்டால் வேலுவின் சம்பளம் ஒன்றை வைத்து மூன்று பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். "ஈஸ்வரன் பாதத்தில போய்க் கேட்டுட்டு வந்துர்றேன் அண்ணி. அவரு சொன்னாத்தான் இந்தக் கை கேக்கும்" என்றாள். கங்காணியிடம் வேலு மூன்று நாள் லீவு கேட்டுத் திங்கட்கிழமை ஒரு நாள் வாங்கி வந்தார்.

இனிப் பயண விவரம். அக்கரப்பத்தனையில் பன்னிரண்டே முக்கால் பஸ் எடுத்தோம். தலவாக்கலைக்குப் பன்னிரண்டு மைல், ஆளுக்கு அறுபது சதம். ரயில் இரண்டு முப்பத்தைந்துக்கு. மூன்றாம் வகுப்பு, ஹட்டனுக்கு நாற்பத்தைந்து சதம். இடது பக்கம் இடம் பிடித்தால் நீர்வீழ்ச்சி தெரியும் என்றார்கள். நாங்கள் வலது பக்கம் உட்கார்ந்துவிட்டோம். ஹட்டனில் மூன்றே முக்கால் பஸ் மஸ்கெலியாவுக்கு, பதின்மூன்று மைல், அறுபத்தைந்து சதம். அங்கே இறங்கி வேறு பஸ்ஸில் மலையடிவாரத்து நல்லதண்ணி, எட்டு மைல், ஐம்பது சதம். போய்ச் சேர்ந்தபோது மணி ஆறேகால். ஆக, போவதற்கு மட்டும் ஆளுக்கு இரண்டு ரூபாய் இருபது சதம். மடத்தில் படுக்கப் பாய் தருகிறார்கள். காசு கேட்பதில்லை, உண்டியலில் ஆளுக்கு இருபது சதம் போட்டோம். போர்வை கட்டாயம் கொண்டுபோங்கள். நுவரெலியாக் குளிர் பார்த்தவர்களுக்கும் அந்த இடத்துக் குளிர் வேறு.

எல்லாரும் ராத்திரியில் ஏறி விடியலில் சூரியோதயம் பார்ப்பார்கள். நாங்கள் விடிந்த பிறகே ஏறினோம். சோமாவதிதான் அப்படிச் சொன்னார்: "சூரியன் உங்க வீட்டு வாசல்லயும் வரும். அந்தப் பூவெல்லாம் வேற எங்கயும் பாக்க ஏலாது. இருட்டுல போனா அது பக்கத்தால போறதே தெரியாது." அந்த வார்த்தைக்காக அவருக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

சாமான் விஷயம் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஐந்து போர்வை, கட்டுச்சோறு, கற்பூரம், தேங்காய் எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டினால் ஒரு கை அதற்கே போய்விடும். அங்கம்மாவின் கொழுந்துக் கூடையில் போட்டுக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டால் பாரம் முதுகில் நிற்கும் என்று நான்தான் யோசனை சொன்னேன். வேலு தூக்குகிறேன் என்றார். "ஒங்களுக்குக் கயித்தத் தலையில நிறுத்தத் தெரியாது, கழுத்து புடிச்சுக்கும்" என்று அங்கம்மாவே மாட்டிக்கொண்டாள். இடது கையில் ஊன்றுகோல். வலது கை வழக்கம்போல முந்தானைக்குள்.

ஆறேகாலுக்குப் புறப்பட்டோம். உச்சிக்கு ஏறக்குறைய நாலரை மைல். முதல் ஒரு மைல் தேயிலை மலைதான், நமக்குப் புதிது ஒன்றுமில்லை. வழியிலுள்ள தோரண வாசலைத் தாண்டியதும் சோமாவதி எங்களை நிறுத்தி மூன்று சட்டம் சொன்னார். எவ்வளவு தூரம் என்று கேட்கக்கூடாது. கஷ்டம் என்ற சொல் வாயில் வரக்கூடாது. "மூணாவது, மல் கடன்ன எப்பா. பூப் பறிக்கவே கூடாது. பூ மட்டுமில்ல, ஒரு இலைகூட. இந்த மல முழுக்கச் சமன் தெய்யோ, இந்த மலைச் சாமி, அவரோட தோட்டம். நீங்க சிவன்னு சொல்லுங்க, நாங்க புத்தர்னு சொல்றோம், தோட்டத்துக்காரர் ஒருத்தர்தான்."

என் வீட்டுக்காரர் கால் மணிக்குள் முதல் சட்டத்தை மீறினார்.

"இன்னும் எவ்வளவு இருக்கும்?"

"முதலாளி, கடையில அரிசி எவ்வளவுன்னு கேளுங்க. இங்க கேக்காதீங்க" என்றார் சோமாவதி. "கேட்டா ஒரு மைல் கூடும்."

"கூடுச்சுன்னா ஒங்க பில்லுல போட்டுக்கறேன்" என்றார் இவர்.

சீத்தகங்குல என்ற ஆற்றில் குளித்தோம். தண்ணீர் எலும்புக்குள் போகிறது. மாற்றுப் புடவை தனியாக வைத்திருங்கள். அதன் பிறகு தேயிலை முடிந்து காடு தொடங்குகிறது. பூக்களும் அங்கேதான் தொடங்குகின்றன. ஈரப்பாறைகளில் வெள்ளைக் காசித்தும்பை நிறைய. மரப்பாசியில் மூக்குத்தி அளவில் மஞ்சள் பூ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது செடியா, பாசியின் பூவா என்று கிட்டப் போய்ப் பார்த்தும் எனக்குப் புரியவில்லை. பாதையின் இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்கு ஒரு செடி, ஏறக்குறைய அரை மைல் தூரம் விடாமல் நிற்கிறது. கத்தரிப் பூவைவிட அழுத்தமான ஊதா. சிங்களத்தில் போவிட்டியா என்கிறார்கள். பனியில் நனைந்து, வெயில் பட்டு, அந்த அரை மைலும் மினுங்கியது. நான் முன்னால் நடந்து தேவாரம் சொன்னேன். எனக்குப் பின்னால் இவரும் வேலுவும். சோமாவதி ஒரு வரி சிங்களத்தில் பாடினார். கடைசியில் வந்த அங்கம்மா எங்களோடு சேர்ந்து பாடிக்கொண்டு வந்தாள். ஆறு மாதமாக அவள் குரலை அப்படிக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன், திரும்பிப் பார்க்கவில்லை.

எட்டேமுக்காலுக்கு இந்திகட்டுபான என்ற இடத்துக்கு வந்தோம். சின்னத் தேநீர்க் கடை இருக்கிறது. பால் விடாத பிளேன்டீ பத்துச் சதம், நம் ஊரைவிட இரண்டு மடங்கு. முதல் தடவை ஏறுகிறவர்கள் அங்கே ஊசியில் நூல் கோர்த்து, அந்த ஊசியை அங்கே குத்திவிட்டு, நூலை இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது வழக்கம். ஊசியும் நூல்கட்டையும் கூடையில் இருந்தன. எடுப்பதற்காக நான் அங்கம்மாவின் முதுகிலிருந்து கூடையை இறக்கினேன்.

போர்வைக்கு மேலே ஊதாப் பூக்கள்.

காற்றில் விழுந்திருக்குமோ என்று ஒன்றை எடுத்துப் பார்த்தேன். காம்பு ஒரே அளவு. கொழுந்து எடுக்கிற மாதிரியே பூவுக்குக் கீழே இரண்டு இலை. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். முற்றின இலை ஒன்றுகூட இல்லை. அப்படியொரு எடுப்பைத் தோட்டத்தில் பழகாத கை எடுக்க முடியாது. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தேழு.

"அங்கம்மா, என்ன காரியம் செஞ்சிருக்க நீ?" என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். "ஒன் கைக்காகத்தானே எல்லாரும் வந்தோம். சொல்லிச் சொல்லிக் கூட்டிட்டு வந்தும் சாமி தோட்டத்துல கை வெச்சிருக்கியே."

அவள் கூடைக்குள் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "நான் பறிக்கல அண்ணி. ஐயோ, சத்தியமா எனக்குத் தெரியாது. நான் பாட்டுப் படிச்சுக்கிட்டு வந்தேன், அவ்வளவுதான்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் மேல வரல. எந்த மூஞ்சியோட வந்து கேப்பேன்? நீங்க போய்ட்டு வாங்க. நான் இங்கேயே இருக்கேன்."

சோமாவதி தேநீர்க் கடைப் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. இவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். நானோ மனதுக்குள் என்ன பரிகாரம் என்று தேடிக்கொண்டிருந்தேன். இங்கேயே புதைத்துவிட்டால் என்ன என்றுகூட ஒரு நினைப்பு வந்தது, அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

வேலு அதிகம் பேசாத மனிதர். பெஞ்சாதி பக்கத்தில் குந்தி, "ஏம்மா, எந்தக் கையால எடுத்த?" என்று கேட்டார்.

"தெரியலைங்கிறேன்ல. இப்ப அது ஒரு கேள்வியா?"

"எடக் கையில கம்பு இருந்துச்சே."

அவள் முந்தானைக்கு வெளியே கிடந்த வலது கையைப் பார்த்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் செடிச்சாறு பட்டுக் கறுத்திருந்தன. விரலை மடக்கி நீட்டிப் பார்த்தாள். பிறகு உடனே, சுட்டதுபோல, முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. இடுப்பு உயரச் செடி, இரண்டு பக்கமும் நிரை பிடித்த மாதிரி. தலையில் கயிறு, முதுகில் கூடை. பதினெட்டு வருஷமாகப் பழகிய கை. கூடையைக் கொண்டுவரச் சொன்னவளும் நானே. அவளைத் திட்டியதும் நானே. "என்மேலதான் தப்பு அங்கம்மா. கூடை வேணாம்னு எனக்குத் தோணல" என்றேன்.

சோமாவதி எழுந்து வந்து நூல்கட்டையையும் ஊசியையும் எடுத்தார். மற்ற மூவருக்கும் தாமே நூல் கோர்த்துக் கொடுத்தார். அங்கம்மாவிடம் ஊசியை மட்டும் நீட்டினார். "நீ கோர்."

"நான் மேல வரல நோனா."

"அது பொறகு. பாதியில திரும்பினா பறிச்சதுக்கு மேல இன்னொரு குத்தம். மொதல்ல கோர்."

அங்கம்மா ஊசியை வலது கையில் வாங்கவில்லை. வேலு அந்தக் கையை முந்தானையிலிருந்து மெல்ல எடுத்து விரலிடுக்கில் ஊசியை வைத்தார். முதல் தடவை நூல் தவறியது. இரண்டாம் தடவை ஊசியே கீழே விழுந்தது. தேநீர்க் கடைக்காரர்தான் தேடி எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் தடவை நூல் ஏறியது. இந்தத் தடவை அவள் ஊசியை விடவில்லை.

"இந்தப் பூவ என்ன செய்றது நோனா?" என்று கேட்டாள்.

"எடுத்தது யார் தோட்டத்துல? அவர்கிட்டயே கொண்டுபோய் வை. என்ன நடந்துச்சோ அதைச் சொல்லு. நீ கேக்க வந்ததை இன்னைக்கிக் கேக்காத" என்றார் சோமாவதி.

அதற்கு மேல் ஏற்றம் செங்குத்து. படிகள் ஒரே உயரத்தில் இல்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் இங்கே யோசித்து ஏறுங்கள். கடைசி ஏற்றத்தில் இரும்புச் சங்கிலி போட்டிருக்கிறார்கள். ஊன்றுகோலை வேலுவிடம் கொடுத்துவிட்டு அங்கம்மா இரண்டு கையாலும் பிடித்து ஏறினாள். கூடையைப் பழக்கமில்லாத தலையில் மாட்டிக்கொண்ட வேலு நாலு படிக்கு ஒரு தடவை நின்றார். "கழுத்து புடிச்சுக்கும்னு சொன்னேனா இல்லையா" என்றாள் அவள். அழுது ஓய்ந்த குரலில்தான் சொன்னாள். ஆனாலும் சொன்னாள்.

இந்த உயரத்தில்தான் மகாரத்மல் மரங்கள். தண்டு முறுக்கி, குட்டையாக, வயதான கை மாதிரி. பூக்கொத்து ஒரு தேங்காய் அளவு, நல்ல குங்குமச் சிவப்பு. மேகம் வந்து மூடும், விலகும். விலகும்போதெல்லாம் அந்தச் சிவப்பு புதிதாகத் தெரியும். ஊர்விட்டு ஊர் போகிற மாதிரி வண்ணத்துப்பூச்சிகள் எங்களுக்கு முன்னால் உச்சியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. அவற்றையும் இருட்டில் ஏறியிருந்தால் பார்த்திருக்க மாட்டோம்.

பதினொன்று நாற்பதுக்கு உச்சி. பாதத்தைத் துணியால் மூடியிருக்கிறார்கள், விளிம்பைத் தொட்டுக் கும்பிடலாம். கற்பூரம் ஏற்ற வெளியே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சமன் தெய்வத்தின் சின்னச் சன்னிதி முன்னால் அங்கம்மா கூடையை இறக்கிப் பூவை எடுத்து வைத்தாள். ஒவ்வொன்றாக, வலது கையால். அவசரப்படவில்லை. பின்னால் நின்றவர்களும் அவசரப்படுத்தவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மணி கட்டியிருக்கிறார்கள், எத்தனை தடவை ஏறினோமோ அத்தனை தடவை அடிக்க வேண்டும். சோமாவதி ஏழு, நாங்கள் ஒவ்வொன்று.

"என்னத்தக் கேட்ட?" என்று பிறகு கேட்டேன்.

"ஒண்ணும் கேக்கல அண்ணி. எடுத்துட்டேன், தெரியாம எடுத்துட்டேன், அடுத்த வருஷம் எங்க வீட்டுப் பூவோட வர்றேன்னு சொன்னேன்."

இறக்கம் நாலு மணி நேரம். ஏறுவதைவிட இறங்குவது முழங்காலைத் தின்கிறது. கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி இறங்குங்கள். ஊதாச் செடி நிற்கிற அந்த அரை மைலில் அங்கம்மா இரண்டு கையையும் கோர்த்துத் தலைமேல் வைத்துக்கொண்டு நடந்தாள். வேலு பின்னால் கூடையோடு வந்தார். "ஆறு மாசமா அந்தக் கை வேலை செய்யாதுன்னு பயந்தோம். இப்ப வேலை செஞ்சுருமோன்னு பயமா இருக்கு" என்றார். சோமாவதி ஒரு பாறையில் உட்கார்ந்து சிரித்தார். எழுந்திருக்க என் வீட்டுக்காரர்தான் கைகொடுத்தார்.

ஞாயிறு மாலை நாலரைக்கு நல்லதண்ணிக்கு வந்து சேர்ந்தோம். கடைசி பஸ் ஐந்து மணிக்கு என்று சொன்னார்கள், ஐந்தேகாலுக்கு வந்தது. ஹட்டனில் தெரிந்த வீட்டில் தங்கி, திங்கள் காலை ரயில். மொத்தச் செலவு ஆளுக்கு ஆறு ரூபாய் எழுபத்தைந்து சதம், பிளேன்டீ உட்பட.

செவ்வாய்க்கிழமை அங்கம்மா பெரட்டில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், போய் நின்றாள். கங்காணி மேலும் கீழும் பார்த்தாராம், கொழுந்து மலையைக் காட்டினாராம். அன்று எட்டு இறாத்தல் கொழுந்து. கை வீங்கிவிட்டது, எண்ணெய் போட்டுத் தேய்த்தேன். சித்திரை முதல் வாரம் நாளுக்குப் பதினேழு. இப்போது செக்ரோலில் பேர் உள்ள மற்றவர்களுக்குக் குறையாமல் எடுக்கிறாள். மழை நாளில் மணிக்கட்டு வலிக்கிறது, அது போகாது என்று டாக்டர் ஐயா சொல்லியிருக்கிறார்.

சட்டத்தை மீறியவளுக்கு அருள் கிடைத்ததா, அல்லது பயம் மறந்த நேரத்தில் கை தன் வேலையைத் தானே செய்ததா என்று நான் பல நாள் யோசித்தேன். என் படிப்புக்கு அது எட்டவில்லை. பெரியவர்களைக் கேட்டால் ஒருவர் குற்றம் என்கிறார், ஒருவர் இல்லை என்கிறார். அவள் அந்தத் தோட்டத்துக்காரரிடமே நேரே போய்ச் சொல்லிவிட்டாள். எனக்கு அது போதும்.

போகிறவர்களுக்கு: நெஞ்சுவலி, மூச்சிரைப்பு உள்ளவர்கள் இந்திகட்டுபானவோடு நின்று கும்பிட்டுத் திரும்பலாம். பௌர்ணமியை ஒட்டிப் போனால் படியில் கால் வைக்க இடமிருக்காது, மற்ற ஞாயிறு பாருங்கள். அட்டைக்குச் சுண்ணாம்பும் உப்பும் கொண்டுபோங்கள். சாமானை மூட்டையாகவே கட்டுங்கள். பூவைப் பார்க்க நினைத்தால் பகலில் ஏறுங்கள்.

வருகிற பங்குனியில் நாங்கள் ஐந்து பேரும் திரும்பப் போகிறோம். அங்கம்மா லயத்து வாசலில் செவ்வந்தி போட்டிருக்கிறாள், நாற்பத்தேழுக்கு மேலேயே பூக்கும். இன்னும் ஏழு பேர் சேர்ந்தால் அக்கரப்பத்தனையிலிருந்து நல்லதண்ணிக்கே ஒரு வேன் பேசலாம், ஆளுக்கு ஏழு ரூபாய்க்குள் முடியும். எந்த ஞாயிறு என்று இன்னும் வைக்கவில்லை. போன தடவை அங்கம்மா தொட்டில் ஆட்டுகிறவள், போனாலும் வந்தாலும் யாரும் கேட்கவில்லை. இந்தத் தடவை கொழுந்து கூடுகிற மாதத்தில் அவளை விடமாட்டோம் என்று தோட்டத்தில் சொல்கிறார்கள். முன்கூட்டியே நாள் சொல்லி லீவு கேட்க வேண்டும். ஆகையால் வர விருப்பமுள்ளவர்கள் எத்தனை பேர், எந்த ஞாயிறு வசதி என்று சீக்கிரம் எழுதுங்கள்.